போர் தொடங்கும் முன்பே 40 பக்கம் தீர்ந்துவிட்டால்

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 'கிவ் மீ லிபர்ட்டி' என்ற அமெரிக்கக் காமிக்ஸ் படித்த உந்துதலில், எதிர்கால உள்நாட்டுப் போர் ஒன்றில் சிக்கிய சிப்பாயைப் பற்றித் தமிழில் 120 பக்க கிராஃபிக் நாவல் எழுதுகிறீர்கள், நண்பர் வரைகிறார். 40 பக்க ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது. ஆனால் நாடு ஏன் உடைந்தது என்று விளக்குவதிலேயே அத்தனையும் கரைந்துவிட்டது, சிப்பாய் இன்னும் சீருடை போடவில்லை. இந்த விளக்கத்தை எத்தனை பக்கத்துக்குள் அடக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பக்க எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம், ஆனால் அதனால் உங்கள் சிக்கல் தீராது. நாடு உடைந்த சேதியை வாசகரிடம் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைத்தான் நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. காமிக்ஸ் ஸ்கிரிப்ட் திருத்துவதும் பக்கம் கோப்பதும் என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து உறுதியாகப் பேசுகிறேன். போர்க்கலை என் துறை அல்ல. அதைப் பற்றி இங்கே வருபவை பொதுவில் பதிவான செய்திகள் மட்டுமே.

நீங்கள் படித்த நூலையே எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் மில்லர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, டார்க் ஹார்ஸ் பதிப்பகம் 1990இல் நான்கு பகுதிகளாக வெளியிடத் தொடங்கியது. 1991இல் சிறந்த குறுந்தொடருக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருது அதற்குக் கிடைத்தது. நாயகி மார்த்தா வாஷிங்டன் பிறப்பது 1995இல், அதாவது அன்றைய வாசகருக்கு ஐந்தே ஆண்டு தள்ளி. அவள் பிறக்கும் சிகாகோவின் கப்ரினி-கிரீன் உண்மையான இடம். 1940களில் தொடங்கி 1962 வரை கட்டம் கட்டமாக எழுந்த அரசுக் குடியிருப்பு அது. உச்சத்தில் 15,000 பேர் வரை வாழ்ந்தார்கள். வறுமைக்கும் வன்முறைக்கும் அடையாளமாக அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி வந்த பெயர். கடைசி அடுக்குமாடி 2011இல்தான் இடிபட்டது. அந்த இடத்தில் மில்லரும் கிப்பன்ஸும் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: மக்களை உள்ளே வைத்து அடைத்து, குடியிருப்பையே சிறையாக்கினார்கள். அரசு எப்படிப்பட்டது, ஏழைகளை என்ன செய்கிறது என்று யாரும் சொற்பொழிவு ஆற்றத் தேவையில்லாமல் போய்விட்டது. வாசகருக்குத் தெரிந்த ஓர் இடம், அதில் ஒரு மாற்றம். அவ்வளவு போதும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் பகுதியின் பெரும்பங்கு மார்த்தா சிப்பாய் ஆவதற்கு முந்தைய வாழ்க்கைதான். ஆகவே சிப்பாய் தாமதமாகச் சீருடை அணிவது குற்றமில்லை. உங்கள் 40 பக்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஓரிடத்தில் இருக்கிறது: மில்லரின் பக்கங்களில் நடப்பவை எல்லாம் மார்த்தாவுக்கு நடப்பவை. பள்ளி, ஆசிரியரின் கொலை, மனநல விடுதி, தெரு, பிறகு பாக்ஸ் என்ற அமைதிப்படை. அவள் முதலில் போரிடுவது அமெரிக்காவில்கூட இல்லை. அமேசான் காட்டில், மாடு வளர்க்கக் காட்டை அழிக்கும் ஒரு பர்கர் நிறுவனத்துக்கு எதிராக. அமெரிக்கா துண்டு துண்டாவது அவள் சீருடையில் இருக்கும்போதுதான். அந்தச் சேதி அவளுக்கு எப்படி வருகிறதோ அப்படித்தான் நமக்கும் வருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க 'டிஎம்ஸெட்' நல்ல துணை. பிரையன் வுட் எழுதி, ரிக்கார்டோ புர்கியெல்லி முதன்மை ஓவியராக இருந்து, 2005 முதல் 2012 வரை 72 இதழ்கள் வந்த தொடர் அது. இரண்டாம் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது, மன்ஹாட்டன் தீவு இரு படைகளுக்கும் நடுவே சூனியப் பகுதியாகிவிட்டது. அதன் நாயகன் மாட்டி ராத் சிப்பாய் அல்ல, பத்திரிகையாளன். வெளியிலிருந்து வருபவன், எதுவும் தெரியாதவன், கேள்வி கேட்பதே அவன் பிழைப்பு. அவன் கேட்பான், யாராவது சொல்வார்கள், வாசகரும் தெரிந்துகொள்வார். சிப்பாய்க்கு அந்த வசதி கிடையாது. அவன் உள்ளூர்க்காரன், ஏன் சண்டை என்று யாரிடமும் கேட்க மாட்டான், கேட்டாலும் மேலதிகாரி சொல்ல மாட்டார். உங்கள் ஸ்கிரிப்டில் இரண்டு நண்பர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் சட்டத் திருத்தத்தைப் பற்றி நான்கு பக்கம் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருவருக்கும் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் காட்சி அது. அங்கேதான் வாசகர் புத்தகத்தை மூடுவார். விளக்கம் அவசியம் என்றால் நாயகனைப் பத்திரிகையாளனாக மாற்றுங்கள். சிப்பாய்தான் வேண்டும் என்றால் விளக்கத்தைக் கைவிடுங்கள்.

கைவிடும் முறை இது. அந்த 40 பக்கத்தில் உலகத்தைப் பற்றி வரும் ஒவ்வொரு தகவலையும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது சிப்பாயின் உடம்பில், பையில், வயிற்றில், வழியில் எங்கே வந்து முட்டும்? முட்டாத சீட்டை எடுத்துவிடுங்கள். முட்டுகிற சீட்டுகளைப் பொருளாக மாற்றுங்கள். உண்மையான உள்நாட்டுப் போர்கள் இதற்கு நிறையக் கற்றுத்தருகின்றன. 1975இல் லெபனானில் போர் தொடங்கியபோது அந்நாட்டு அடையாள அட்டையில் மதப் பிரிவு அச்சாகியிருந்தது. சோதனைச் சாவடியில் அட்டையைப் பார்த்தே ஆட்களைக் கொன்றார்கள். நூறாண்டு மதச் சிக்கலை அந்த ஒரு அட்டை சுமந்தது. ஓவியர் வரைய வேண்டியது ஒரு கை, ஒரு அட்டை, அதைத் திருப்பிப் பார்க்கும் இன்னொரு கை. அதே பெய்ரூட்டில் கிழக்கையும் மேற்கையும் பிரித்த கோட்டில் ஆள் நடமாட்டமே இல்லாததால் தார்ச்சாலையில் செடிகொடி மண்டியது; பச்சைக்கோடு என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் இருந்த சரயேவோவில், தெருமுனைகளில் சரக்குப் பெட்டகங்களை அடுக்கியும் துணி கட்டியும் குறிபார்த்துச் சுடுபவர்களின் பார்வையை மறைத்தார்கள். விமான நிலையத்துக்கு அடியில் சுமார் 800 மீட்டர் சுரங்கம் தோண்டி அதன் வழியே உணவும் ஆயுதமும் கொண்டுவந்தார்கள். இவற்றை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. உங்கள் நாட்டில் எந்தச் சாலை மூடப்பட்டிருக்கும், எந்த நோட்டு செல்லாது, எந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சாவடியில் சந்தேகம் வரும் என்று அதே அளவு நுணுக்கமாக யோசிக்கச் சொல்கிறேன்.

வரைபடத்தை முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். எதிர்காலப் போர்க் கதை எழுதுகிற எல்லாருக்கும் அந்த ஆசை வரும். யார் மீதும் அக்கறை பிறக்காத நிலையில் எட்டு வண்ணத்தில் பிரிந்த நாட்டின் படம் யார் மனதிலும் நிற்காது. சிப்பாய் எங்கோ போக வேண்டும், வழி தெரியவில்லை என்று வாசகர் தவிக்கும் இடத்தில், 25ஆம் பக்கத்துக்குப் பிறகு, அவன் மடித்து வைத்திருக்கும் வரைபடமாகக் காட்டுங்கள். அதில் அவன் பகுதி மட்டும் தெரிந்தால் போதும். மீதி மடிப்புக்குள் இருக்கட்டும்.

அடுத்தது, வரையும்போதுதான் தெரியவரும் ஒரு பெரிய சிக்கல். உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் ஒரே கிடங்கிலிருந்து வந்தவர்கள். ஒரே துப்பாக்கி, ஒரே சட்டை, ஒரே முகம், ஒரே மொழி. கறுப்பு வெள்ளையில் வரைந்தால் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே புரியாது. உண்மைப் போரிலும் இதே குழப்பம் நடந்திருக்கிறது. 1861 ஜூலை 21இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரும் சண்டையான புல் ரன்னில், தென்தரப்பின் 33ஆம் வர்ஜீனியா படைப்பிரிவு நீலச் சட்டையில் வந்தது. வடதரப்புப் பீரங்கிக்காரர்கள் தங்கள் ஆட்கள் என்று நினைத்துச் சுடாமல் நின்றார்கள், பீரங்கிகள் பறிபோயின. தென்தரப்பின் முதல் கொடியும் வடக்கின் கொடியைப் போலத் தெரிந்ததால்தான் பிறகு தனிப் போர்க்கொடி வந்தது. உக்ரைனில் 2022 முதல் இரு தரப்பும் கையிலும் தலைக்கவசத்திலும் வண்ண டேப் சுற்றிக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். ஓவியருக்கு என் பரிந்துரை: வண்ணத்தை நம்பாமல் நிழலுருவத்தை நம்புங்கள். ஒரு தரப்புக்குத் தலைக்கவசம், மறு தரப்புக்குத் துணித் தொப்பி. ஒரு தரப்புக்கு முதுகில் உயரமான பை, மறு தரப்புக்கு இடுப்பில் தொங்கும் பை. கட்டைவிரல் நகம் அளவு சிறிய படத்தில் முழுக் கறுப்பாக நிரப்பினாலும் தரப்பு தெரிய வேண்டும். தெரிந்தபின், கதையில் ஓரிடத்தில் வேண்டுமென்றே அந்த அடையாளத்தைக் கலைத்துவிடுங்கள். இறந்தவனின் தொப்பியைச் சிப்பாய் எடுத்து அணிகிற பக்கத்தில் வாசகருக்கே பயம் வரும்.

சிப்பாயின் உடம்பைப் பற்றி. பெரும்பாலான போர்க் காமிக்ஸ்கள் பொய்யாகத் தெரிவது இங்கேதான். அமெரிக்கக் காலாட்படை வீரர் வழக்கமாகச் சுமப்பது 30 குண்டு கொள்ளும் மேகசின் (குண்டுக்கூடு) ஏழு, மொத்தம் 210 குண்டுகள். ஒரு நிறைந்த மேகசின் ஏறக்குறைய அரைக் கிலோ. விடாமல் சுட்டால் ஒரு மேகசின் மூன்று விநாடிக்குள் காலியாகிவிடும். ஆகவே மூன்று பக்கம் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்கும் நாயகன் உலகில் கிடையாது. தகடு வைத்த மார்புக்கவசம், தலைக்கவசம், துப்பாக்கி, மூன்று லிட்டர் தண்ணீர், உணவு, மருந்து எல்லாம் சேர்ந்தால் 30 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையோடு எழுபவன் முதலில் ஒரு முழங்காலை ஊன்றித்தான் எழுவான். ஓடும்போது உடம்பு முன்னால் சாயும். உட்கார்ந்தால் பையைச் சுவரில் சாய்த்து எடையை இறக்குவான். ஓவியர் 15 கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி, அதைக் கைபேசியில் படமெடுத்துப் பார்த்தால் எந்தக் குறிப்புப் புத்தகமும் தேவையில்லை. காயமும் அப்படித்தான். தோளில் குண்டு பட்டுக் கட்டுப்போட்டுக்கொண்டு ஓடும் நாயகனை மறந்துவிடுங்கள்; தோளுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. தொடைக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். அதைத் தடுக்கும் இறுக்குப்பட்டையைக் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வைப்பார்கள். பேனா இல்லாமல் நேரத்தை நெற்றியில் ரத்தத்தால் எழுதும் ஒரு பேனல் (படக் கட்டம்), எந்த வசனத்தைவிடவும் கனமானது.

சத்தத்துக்கும் ஒரு வரிசை உண்டு. துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமாக வருவதால், சுடப்படுபவன் முதலில் கேட்பது தலைக்குப் பக்கத்தில் குண்டு காற்றைக் கிழிக்கும் 'டக்'. சுட்ட இடத்தின் 'டும்' பிறகுதான் வந்து சேரும். 300 மீட்டர் தூரம் என்றால் ஏறத்தாழ அரை விநாடி கழித்து. காமிக்ஸுக்கென்றே அமைந்த விஷயம் இது. நெருக்கமான சின்னப் பேனலில் சிப்பாயின் முகமும் 'டக்'கும். அடுத்த அகலமான பேனலில் தூரத்து மரவரிசையும் சிறிய எழுத்தில் 'டும்'மும். இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடமே அந்த அரை விநாடி. திரைப்படத்தில் காதால் உணர்த்துவதை இங்கே கண்ணால் எண்ண வைக்கிறீர்கள்.

எதிர்காலம் என்று வரும்போது உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். வானத்திலிருந்து எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது இனி ஊகம் அல்ல. உக்ரைனில் மலிவான ட்ரோன்கள் தனியொரு ஆளையும் துரத்துகின்றன. அலைவரிசையை முடக்கினாலும் இயங்கும்படி மெல்லிய ஒளியிழையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கும் வகையும் வந்துவிட்டது. வயல்களில் அந்த இழைகள் சிக்கிக் கிடக்கின்றன, சாலைகளுக்கு மேல் வலை கட்டுகிறார்கள். ஆகவே உங்கள் போர்க்களம் ஆளில்லாத வெளியாகத்தான் இருக்கும். படைகள் அணி அணியாக எதிர்வருவது போல வரைந்தால் 2040 என்று தலைப்பிட்டாலும் 1940 போலத் தெரியும். இதற்கு மேல், எந்த ஆண்டில் எந்த இயந்திரம் முடிவெடுக்கும் என்பதெல்லாம் ஊகம். அதில் கதையை ஊன்றாதீர்கள். ஆண்டு எண்ணையே போடாமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. மில்லரும் கிப்பன்ஸும் போட்டார்கள். 1995 வந்தது, போனது. ஆனாலும் நூல் நிற்கிறது, ஏனென்றால் அது மார்த்தாவின் மேல் நின்றது. ஆனால் அந்த அளவு வலுவான பாத்திரம் கைகூடும்வரை ஆண்டு எண் உங்களுக்குப் பாரம்தான்.

அதே தொடரின் பின்பகுதிகளையும் தேடிப் படியுங்கள், எச்சரிக்கைக்காக. 1994இல் ஐந்து இதழ்களாக வந்த 'மார்த்தா வாஷிங்டன் கோஸ் டு வார்' நேரடியாக உள்நாட்டுப் போரைப் பேசுகிறது. அய்ன் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவலின் பாதிப்பு அதில் வெளிப்படை. என் தீர்ப்பில் அங்கே சிப்பாய் பின்னால் போய்க் கருத்து முன்னால் வந்துவிடுகிறது: இயந்திரங்கள் பழுதாவதும் திறமைசாலிகள் மறைந்துபோவதும் ஒரு வாதத்தை நிரூபிக்கவே நடக்கின்றன. மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. கிப்பன்ஸின் கோட்டோவியத்துக்காகவே அதை விரும்புகிறவர்களை நான் மதிக்கிறேன். முதல் நான்கு பகுதிகளிலும்கூட எதிர்க்குழுக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த இடங்கள் இன்று பலவீனமாகத் தெரிகின்றன. உங்கள் இரு தரப்பில் ஒன்றை முழு முட்டாள்களாக எழுதிவிட்டால், சிப்பாயின் ஒவ்வொரு முடிவும் எளிதாகிவிடும். பிறகு 120 பக்கம் எதற்கு?

இனி பக்க வேலை. 120 பக்கத்துக்குச் சராசரி ஐந்து பேனல் என்றால் 600 பேனல்கள். மாதம் 20 முதல் 22 பக்கம் என்பது அமெரிக்க மாத இதழ்களில் முழுநேர ஓவியரின் வேகம். வேலை பார்த்துக்கொண்டே வரைபவருக்கு அதில் பாதி வந்தாலே பெரிது. எனவே ஓராண்டு என்று கணக்கிடுங்கள். பென்சிலைத் தொடும் முன் 120 பக்கத்தையும் தீப்பெட்டி அளவில் கிறுக்கி, எதிரெதிர்ப் பக்கங்களாகச் சுவரில் ஒட்டுங்கள். தமிழ்ப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும். அதிர்ச்சி தரும் காட்சி, தாளைத் திருப்பியதும் கண்ணில் படும் இரட்டைப்படைப் பக்கத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால் இடப்பக்கத்தைப் படிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும். ஒரு பக்கம் கூட்டினாலோ குறைத்தாலோ அதற்குப் பின்னால் உள்ள எல்லா அதிர்ச்சிகளும் இடம் மாறிவிடும் என்பதால், திருத்தும்போது இரண்டிரண்டு பக்கமாகவே வெட்டுங்கள்.

வசன அளவு தமிழுக்குத் தனி. ஆறு பேனல் பக்கத்தில் பேனலுக்கு 35 சொல், மொத்தம் 210 என்பது பழைய அமெரிக்க உச்சவரம்பு. நம் சொற்கள் நீளம். 'போயிருக்கமாட்டார்கள்' ஒற்றைச் சொல்தான், ஆனால் பலூனின் (வசனக் குமிழியின்) ஒரு வரியை முழுதாக விழுங்கிவிடும். பேனலுக்கு 20 சொல், பக்கத்துக்கு 120 என்று வைத்துக்கொண்டால் படம் மூச்சுவிடும். ஆங்கில பலூன்களில் எல்லாமே ஒரே உயரமுள்ள பெரிய எழுத்து என்பதால் வரிகளை நெருக்கலாம். நமக்கு மேலே 'ி'யின் வளைவும் கீழே 'ு', 'ூ'வின் வாலும் மோதும். 8 பாயிண்ட் எழுத்துக்கு 11 பாயிண்ட் வரி இடைவெளியாவது வேண்டும். கத்தலைக் காட்டத் தடித்த எழுத்தைப் பயன்படுத்தினால் 'ஞ', 'ணை' போன்றவற்றின் உட்குழிகள் அச்சில் அடைத்துக்கொள்ளும். அளவைக் கூட்டுவதே நல்லது. சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்போது புள்ளி வைத்த மெய் வரித் தொடக்கத்தில் நிற்கக் கூடாது. பக்கம் கோக்கும் மென்பொருளான இன்டிசைனில் எழுத்து கோக்கிறீர்கள் என்றால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 'ெ', 'ே', 'ை' எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும்.

அச்சுக்கு 120ஐ 128 ஆக்கிக்கொள்ளுங்கள். அது எட்டாலும் பதினாறாலும் வகுபடுவதால் எந்த ஃபாரக் கணக்குக்கும் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிக்கும்) பொருந்தும். மிச்சமுள்ள எட்டுப் பக்கம் தலைப்பு, பதிப்புரிமை, முன்பின் பக்கங்களுக்குப் போகும். டெம்மி 1/8 என்ற புத்தக அளவில் காமிக்ஸுக்கு இடம் போதாது. கிரௌன் 1/4, ஏறத்தாழ ஏழேகால் அங்குலத்துக்கு ஒன்பதரை, வசதி. அதைவிட ஒன்றரை மடங்கில் வரைந்தால் ஏ3 தாளில் அடங்கும். 0.3 மி.மீ. கோடு அச்சில் 0.2 ஆகக் குறையும் என்பதை நினைவில் வைத்து, அதைவிட மெல்லிய பேனாவைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கறுப்புக் கோட்டுப் படத்தை 600 டிபிஐக்குக் குறையாமலும், சாம்பல் நிழல் உள்ளதை 300இலும் ஸ்கேன் செய்யுங்கள். ஓரம்வரை போகும் படங்களுக்கு நாலாபுறமும் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். அச்சகம் எது கேட்டாலும், முதல் எட்டுப் பக்கத்தை அதே தாளில் அச்சிட்டுப் பார்க்காமல் மீதியை இங்க் போட விடாதீர்கள். இரவுக் காட்சிகள் அதிகமுள்ள கதை உங்களுடையது. உறிஞ்சும் தாளில் கறுப்பு பரவி, பேனல் முழுதும் ஒரே மையாகிவிடும்.

கடைசியாக, நண்பரோடு ஒரு பக்க ஒப்பந்தம் இன்றே எழுதிக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். கதை யாருடையது, மூலப் படங்கள் யாரிடம் இருக்கும், வருவாய் எப்படிப் பிரியும், பாதியில் ஒருவர் விலகினால் சிப்பாயின் உருவத்தை மற்றவர் தொடரலாமா என்ற நான்கும் அதில் வரட்டும். ஒப்பந்த வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அது என் எல்லைக்கு வெளியே. ஸ்கிரிப்டில் முதல் ஆறு பக்கத்தை, ஒரு சோதனைச் சாவடியிலிருந்து தொடங்கி, திருத்தி எழுதியபின் இங்கேயே போடுங்கள். பேனல் பேனலாகப் பார்த்துச் சொல்கிறேன்.